மதகு மட்டத்துக்குக் கீழே: தூர் வாரிய ஏரியில் நாரைக் கூடுகள்

பின்னணி

ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு போகும் வழியில், எல்லைக்கோட்டை ஒட்டி, சின்னச் சின்ன ஏரிகள் நிறைய உண்டு. மழை ஆந்திர மலையடியில் பெய்யும். தண்ணீர் தமிழ்நாட்டு ஏரியில் வந்து நிற்கும். இந்த ஆய்வில் வரும் ஏரியும் அப்படித்தான். ஏரி இந்தப் பக்கம், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயின் தலைப்பு அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ். ரேஷன் அட்டை மட்டும் வேறு வேறு.

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 85 ஏக்கர். 100 ஏக்கருக்குக் குறைவான ஏரி என்பதால் நீர்வளத்துறையிடம் இல்லை, ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கிறது. நிறைந்தால் நீர்ப்பரப்பு 70 ஏக்கர் வரும். கரையில் மேல் மதகு, பள்ள மதகு என்று இரண்டு மதகுகள். சம்பா நெல் நிச்சயம், தண்ணீர் மிஞ்சினால் மார்கழி, தையில் நவரை நெல்லும் நடுவார்கள். மீன் பிடிக்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகும்.

ஏரியின் வடக்கு உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதியில், நாற்பது, ஐம்பது நாட்டுக் கருவேல மரங்கள் ஒரு திட்டாக நிற்கின்றன. ஸ்வீடன் உதவியோடு 1981-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டம் பல ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டது. இந்தத் திட்டும் அந்த வகையில் வந்ததே. விறகுக்காக நட்ட மரங்கள் வெட்டுக்கு வராமல் தப்பி, தண்ணீருக்குள் நின்றபடி முதிர்ந்து, நத்தைக்குத்தி நாரைகளுக்குக் கூடு கட்டும் இடமாகிவிட்டன. வக்கா எனும் இராக்கொக்கு, சிறு நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன் ஆகியவையும் கூடவே வரும். சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே, 1976-ல் சரணாலயமான நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. இந்த ஏரிக்கு அவை சில ஆண்டுகளில் வந்து, மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

பாசனக்காரர்களுக்குப் பறவைமேல் பகை ஏதும் இல்லை. நத்தைக்குத்தி வயலில் நத்தை பொறுக்கும், எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியா குறைவாகப் போதும் என்பதெல்லாம் அவர்களே சொல்வதுதான். வேடந்தாங்கல் ஊரார் 1798-லேயே கலெக்டரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதி வாங்கியதற்கும் இதே கணக்குதான் காரணம். சிக்கல் தொடங்கியது தூர் வாரும் பேச்சு வந்தபோது.

தூர் வாரும் முன் கண்டவை

ஏரி மேடேறிவிட்டதால் நவரைக்குத் தண்ணீர் எட்டவில்லை. தமிழ்நாட்டில் 2017 முதல் ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுக்கலாம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. 60 ஏக்கர் நஞ்சைக்கும் 20 ஏக்கர் புஞ்சைக்கும் மனு போனது. மொத்தம் 6,300 கன மீட்டர்.

அந்தக் கோடைக்கு முந்தைய பருவத்தில், பறவைகளைப் பற்றித் தெரிந்த இருவரும் ஊர் இளைஞர்கள் சிலரும் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். எண்ணியது கரையிலிருந்து மட்டும், இருநோக்கியால், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். அடைகாக்கும் நாட்களில் மரத்தடிக்குப் போனால் தாய்ப்பறவை எழும். எழுந்த நிமிடமே காக்கை முட்டையில் உட்கார்ந்துவிடும். ஜனவரிக் கடைசியில் கூடுகள் 190-ஐ ஒட்டி இருந்தன. அவற்றில் 30 கூடுகளை மர வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை பார்த்தார்கள். குஞ்சு பறந்து போனது 13 கூட்டில்தான்.

கண்ணி வைப்பவர்களால்தான் இந்த இழப்பு என்று ஊரில் நம்பினார்கள். வாரக் குறிப்புகள் வேறு கதை சொன்னன. பிப்ரவரி கடைசி வரை போன கூடுகள் நான்கே. மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பதின்மூன்று. அந்த இரண்டாம் வாரத்தில்தான் மரத்தடியில் தண்ணீர் வற்றியது. அடுத்த நாளே நாய்களின் காலடி சேற்றில் தெரிந்தது, நரியும் வந்தது. வெயிலில் கிளைக்குக் கிளை தாவும் பருவத்துக் குஞ்சு தவறி விழுந்தால், கீழே தண்ணீர் இருக்கும்வரை நீந்தி அடிமரத்தைப் பிடித்து ஏறப் பார்க்கும். தரை என்றால் அங்கேயே முடிந்துவிடும். கார்த்திகையிலேயே முட்டையிட்ட நத்தைக்குத்திகள் தப்பித்தன. பிந்திக் கட்டிய வக்காவும் அரிவாள் மூக்கனும் மாட்டிக்கொண்டன. கூழைக்கடாவுக்கு முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க நான்கு மாதம் போல ஆகும். இந்த ஏரியில் அது தங்காததற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

ஆகத் தீர்க்கவேண்டியது மார்ச், ஏப்ரல் தண்ணீர். அதே மாதங்களில்தான் நவரை கதிர் பிடிக்கும்.

மட்டம் பார்த்தது

தண்ணீரைக் குறைத்து விடுங்கள் என்று பாசனக்காரர்களிடம் கேட்பதுதான் முதலில் வந்த யோசனை. இப்படிக் கேட்ட ஏரிகளில் அது ஒரு பருவம்கூடத் தாங்கியதில்லை. கதிர் வாடும்போது எந்த ஒப்பந்தமும் நிற்காது, நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் முதலில் மட்டம் பார்த்தார்கள்.

இதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். 25 மீட்டர் கண்ணாடி டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பள்ள மதகின் அடிக்கல்லில் தொடங்கி, முளை அடித்து அடித்து மரத்திட்டு வரை மட்டத்தைக் கொண்டுபோனார்கள். குமிழி ஒன்று இருந்தாலும் கணக்கு விரற்கடை விரற்கடையாகத் தவறும். போன வழியே திரும்பி வந்து சரிபார்த்தது அதற்காகத்தான்.

தெரியவந்தது இது: மரத்திட்டின் தரை, பள்ள மதகின் அடிமட்டத்தைவிட 30 சென்டிமீட்டர் உயரம். ஏரி மதகு மட்டத்துக்கு இறங்கும் முன்பே மரத்தடி காய்ந்துவிடுகிறது. ஆனால் திட்டைச் சுற்றி 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஓர் அகழி வெட்டினால், அதில் நிற்கும் தண்ணீர் எந்த மதகு வழியாகவும் போகாது. சுற்றுத் தரை உயரமாக இருப்பதால் ஏரி வற்றிய பிறகும் அகழி நிறைந்தே இருக்கும். ஆவியாதல் இந்தப் பக்கம் மாசி, பங்குனியில் நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர். இரண்டு மாதத்தில் 40 சென்டிமீட்டர் போனாலும் களிமண் தரையில் கசிவுக்கும் சேர்த்து மிச்சம் இருக்கும். ஆயக்கட்டுக்குச் சேராத தண்ணீர் என்பதால் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கணக்கில்தான் மற்ற எல்லாப் பேச்சும் நின்றது.

முடிவுகளும் காரணங்களும்

அகழியின் அளவு: வெளி மரத்தின் அடியிலிருந்து 8 மீட்டர் தள்ளி, மேல் அகலம் 5 மீட்டர், அடி அகலம் 1.4 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர். ஒரு மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் சரிவு. களிமண்ணைச் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே உட்காரும். சுற்றளவு 210 மீட்டர், ஆக மண் சுமார் 800 கன மீட்டர், 270 லோடு.

இந்த 270 லோடுதான் பேச்சுவார்த்தையில் பெரிய துருப்பு. எச்சம் விழுந்து விழுந்து கறுத்த வண்டல் மரத்திட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. எல்லாருக்கும் அந்த மண்தான் வேண்டும். தடுத்திருந்தால் இரவில் எடுத்திருப்பார்கள். அகழி மண்ணைக் கடைமடை நிலத்துக்காரர்களுக்கு முதலில் கொடுப்பது என்று முடிவானது. நவரைக்குத் தண்ணீர் எட்டாமல் எப்போதும் இழப்பவர்கள் அவர்கள். பதிலுக்கு, நவரைப் பட்டத்தில் கடைமடையில் நெல்லுக்குப் பதில் பச்சைப்பயறு போட ஒப்புக்கொண்டார்கள். எழுதி வாங்கவில்லை.

மீதி 5,500 கன மீட்டரை முக்கால் மீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் 7,300 சதுர மீட்டர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. 70 ஏக்கர் ஏரியில் தோண்டவேண்டிய இடம் இவ்வளவுதான் என்பது வரைபடத்தில் போட்டுக் காட்டும் வரை யாருக்கும் தெரியவில்லை. அதைப் பள்ள மதகுக்கு முன்னால், கரை அடியைத் தொடாமல் குறித்தார்கள். கரையை ஒட்டித் தோண்டினால் கரை இறங்கும். வண்டல் முடிந்து சவுடு தெரிந்தால் நிறுத்தவேண்டும். களி அடுக்கை உடைத்தால் ஏரி ஒழுகும்.

சீமைக் கருவேலத்தை மொத்தமாக அழிக்கச் சொல்லி ஊரில் பலர் கேட்டார்கள். மேற்கு உள்வாயில் அது காடாக மண்டியிருந்தது. ஆனால் திட்டை ஒட்டிய பத்து மீட்டர் பட்டையில் வக்கா அதில்தான் கூடு கட்டியிருந்தது. அந்தப் பட்டையை ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் எடுப்பது, மற்ற இடத்தில் ஜேசிபியால் வேரோடு பிடுங்குவது என்று முடிவானது. வெட்டிவிட்டால் மட்டும் போதாது. அடுத்த மழைக்கு ஒரு தூரில் எட்டு கிளை வரும். அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட ஏற்பாடு. இரும்புத் தாங்கி நட்டுக் கூடு கட்ட வைப்பதையும் ஒருவர் சொன்னார். குண்டூர் அருகே உப்பலபாட்டிலும் கொல்லேறு ஆட்டப்பாக்காவிலும் அப்படிச் செய்திருக்கிறார்கள். இங்கே மரம் இருக்கும்போது அந்தச் செலவு வேண்டாம் என்று விட்டது சரியான முடிவே.

மீன் குத்தகைக்காரர் வெடி போட்டுப் பறவையை விரட்டிக்கொண்டிருந்தார். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டையில் சேரும் என்று வனத்துறையினர் அவரிடம் சொன்னார்கள். அதைவிட, ஏலத் தொகையில் கொடுத்த தள்ளுபடியும், விரல் நீளக் குஞ்சுக்குப் பதில் சாண் நீளக் கட்லா, ரோகு விட்டால் இழப்பு குறையும் என்று காட்டியதும்தான் வேலை செய்தன.

வரத்துக் கால்வாய் தலைப்பில் ஆந்திரப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. "கால்வாய் எங்க ஊர்ல ஓடுது, தண்ணி உங்க ஊருக்குப் போவுது. கூலி யாரு குடுக்கறது, நைனா?" நூறு நாள் வேலை அட்டை மாநிலம் தாண்டிச் செல்லாது. கடைசியில் அவர்கள் ஊர்க் குட்டைக்கு முதல் தண்ணீர் திருப்பும் மடை ஒன்று கட்டிக் கொடுப்பதாகவும், கால்வாயை அவர்கள் ஊராட்சி வேலையிலேயே எடுத்துவிடுவதாகவும் பேசினார்கள். இரண்டு ஊரும் சம்பந்திகள் என்பதால் நான்கு பேர் போய் உட்கார்ந்ததில் முடிந்தது. ஆவணமாகப் போயிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

சரணாலயம் கேட்பதில்லை என்பதும் ஒரு முடிவு. கேட்டால் மீனும் வண்டலும் போய்விடும் என்று ஊர் பயந்தது. இந்த அளவு ஏரிக்கு ஊரின் ஒப்புதல்தான் காவல்.

வேலை நடந்த விதம்

வைகாசியில் தொடங்கி ஆடி முதல் வாரத்தில் முடிந்தது. எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டால் டிராக்டர் ஓட ஓட அழிந்துவிடும் என்பதால், மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள்.

தவறியது கிழக்குப் பக்கத்தில். ஜேசிபி ஓட்டுநர் டிராக்டர் நிற்க வசதியாக 60 மீட்டர் நீளத்துக்கு அகழியை மரத்துக்கு 4 மீட்டர் வரை நெருக்கிவிட்டார், சரிவும் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாள் இல்லாத இரண்டு மணி நேரத்தில் நடந்தது. மண்ணை மறுபடி போட்டு நிரப்பிச் சரிவு கொடுத்தார்கள். போட்ட மண் இறுகுமுன் ஐப்பசி மழை வந்தது. கரை உள்ளே சரிந்து, வேர் அறுந்த மூன்று மரங்கள் அகழிக்குள் சாய்ந்தன. கூடு கட்டத் தொடங்காத நேரம் என்பதால் முட்டை, குஞ்சு இழப்பில்லை.

முதல் பருவம்

மழை நன்றாகப் பெய்தது. ஜனவரிக் கடைசியில் 160 கூடுகள். சாய்ந்த மரங்கள் போனதால் குறைவு. பிப்ரவரி கடைசியில் ஏரி மதகு மட்டத்துக்கு இறங்கியது. அகழியில் 1.1 மீட்டர் நின்றது. நாய்கள் வந்து விளிம்பில் நடந்தன, உள்ளே இறங்கவில்லை.

யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. ஏரி வற்ற வற்ற மீன் எல்லாம் அகழிக்குள் ஒதுங்கியது. பங்குனியில் பையன்கள் கொசுவலையோடு இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் பத்துப் பேர் வலை இழுத்தால், மரத்தில் பாதி வளர்ந்த குஞ்சுகள் மறுபக்கம் குதிக்கும். இரண்டே நாளில் ஏழெட்டுக் குஞ்சுகள் போயின. அகழி மீனைக் குத்தகைக்காரருக்கே எழுதிக் கொடுத்து, கூடு காலியான பிறகு மட்டும் பிடிக்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். மறுநாளிலிருந்து அவருடைய ஆள் அகழிக் கரையிலேயே படுத்தார். வெடி போட்டவரே காவலாளி ஆன கதை.

குறித்த 30 கூடுகளில் 22-ல் குஞ்சு பறந்தது.

நட்ட கன்றுகளில் ஐந்தடிக் கருவேலக் கன்றுகள் பெரும்பாலும் பிழைத்தன. ஓரடி உயரத்தில் நர்சரியிலிருந்து வந்தவை மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து அழுகின. மேட்டில் நட்டவற்றை ஆடு தொட்டது. பிடுங்கிய சீமைக் கருவேல முள்ளைச் சுற்றிப் போட்ட இடங்களில் தொடவில்லை.

இரண்டாம் பருவம்

மழை குறைவு. ஏரி பாதிக்கு மேல் நிறையவில்லை, அகழி மட்டும் நிறைந்தது. கூடுகள் 110. மழை பொய்த்த ஆண்டில் எல்லா ஏரியிலும் இப்படித்தான் குறையும்; இதை அகழியின் தோல்வியாகவோ வெற்றியாகவோ எடுக்க முடியாது.

மார்ச் முதல் வாரத்தில் கரையோர நிலத்துக்காரர் ஒருவர் டீசல் எஞ்சினை அகழியில் இறக்கினார். 5 எச்பி எஞ்சின் ஓரிரவு ஓடினால் 300, 400 கன மீட்டர் இழுக்கும். காலையில் தண்ணீர் முழங்காலளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. மரத்தில் இன்னும் 40 கூடு. அவரிடம் போய்க் கேட்டதற்கு, "மதகு வழியாப் போவாத தண்ணிதானே, எஞ்சின் வைக்கக் கூடாதுன்னு யாருப்பா சொன்னீங்க?" என்றார். உண்மைதான். பேச்சில் மதகைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, எஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவருடைய ஒன்றரை ஏக்கர் நெல்லைக் காப்பாற்ற வேறு வழி தேவைப்பட்டது. 300 மீட்டர் தள்ளி ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர் தண்ணீர் தர ஒப்புக்கொண்டார். மும்முனை மின்சாரம் வரும் இரவு நேரத்தில், முதலில் நெல்லுக்கு, பிறகு மூன்று இரவு ஹோஸ் போட்டு அகழிக்கு. இரண்டரை அடிக்கு ஏறியது. அதற்குள் இரண்டு இரவு நரி உள்ளே போய்விட்டிருந்தது. குறித்த 30 கூடுகளில் 19 தப்பின.

கூழைக்கடா நான்கு ஜோடி கூடு கட்டின. அவற்றில் இரண்டு ஜோடிகள் தங்கள் குஞ்சுகளை ஏப்ரல் கடைசி வரை வளர்த்துப் பறக்க வைத்தன. இந்த ஏரியில் அதற்குமுன் கண்டதில்லை.

இனி மாற்ற வேண்டியவை

அகழியை மரத்திலிருந்து 8 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் தள்ளி வைப்பது நல்லது. ஓட்டுநர் நெருங்கினாலும் வேர் தப்பும். அகழி வெட்டும் நாட்களில் டிராக்டர் ஓட்டத்தை வெளிப்பக்கத்தோடு நிறுத்தி, மேற்பார்வைக்கு இருவரை வைக்கவேண்டும். வெட்டுவது வைகாசிக்குள் முடியவேண்டும். திருத்த வேண்டியிருந்தால் போட்ட மண் இறுக மூன்று மாதமாவது வேண்டும்.

எஞ்சின் தடையை ஏரியின் குத்தகை அறிவிப்பிலேயே, மீன் நிபந்தனையோடு சேர்த்து எழுதவேண்டும்: பள்ள மதகு மட்டத்துக்குக் கீழுள்ள தண்ணீர் ஏப்ரல் 30 வரை யாருக்கும் இல்லை. மழை குறைந்த ஆண்டில் கரையோர நிலத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் யார் தருவது என்பதைத் தையிலேயே பேசிவிடவேண்டும். பங்குனியில் பேசினால் தாமதம்.

கடைமடையில் பச்சைப்பயறு ஒப்பந்தம் இரண்டு ஆண்டும் நின்றது. ஆனால் அகழி மண் ஒருமுறைதான் கொடுக்க முடியும். அகழியில் ஆண்டுக்குச் சேரும் வண்டலை அளந்து பார்த்ததில் 10 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். அந்த மண்ணையும் கடைமடைக்கே என்று இப்போதே முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த ஏலத்துக்குள் மரத்திட்டை வெட்டுப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானம் ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.